கப்பல் வணிகர் அல்பேர்ட் பலீன்

சூழ்ச்சியும் துணிவும் மிக்க ஒருவனை எம்டன் என்று அழைக்கும் வழக்கம் நம் மூத்தோரிடையே இருந்தது. 1914 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 22 ஆந் திகதி இரவு சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தாங்கிகளைச் சுட்டெரித்துவிட்டு மறைந்த ஜேர்மானியப் போர்க்கப்பலின் பெயரே அவ்வாறு நம் பேச்சில் இடம்பெற்றது. அப்போர்க்கப்பலைப் பற்றிக் கேள்வியுற்றோர் பலர். அதற்கு வேண்டிய நிலக்கரியைச் சுமந்து அதனுடன் நம் கடலுக்கு வந்த வணிகக் கப்பலைப் பற்றி அறிந்தோர் மிகச் சிலரே. மார்க்கோமானியா என்பது அதன் பெயர். கரியின்றி நீராவிக்கப்பல் ஓடாது. ஆதலின் வங்காள விரிகுடாவில் எம்டன் ஆடிய வேட்டையில் அந்த வணிகக் கப்பலுக்கும் பங்குண்டு.

மார்க்கோமானியா, ஹம்பேர்க் அமெரிக்கக் கப்பற் கம்பனிக்கு உரியது. ஹபாக் என்னும் சுருக்கப் பெயரால் வழங்கிய அக்கம்பனி போர் தொடங்கிய ஆண்டிலே உலகத்துக் கப்பற் கம்பனிகள் யாவற்றினும் பெரியதாய் விளங்கியது. பண்டங்களையும் பிரயாணிகளையும் ஏற்றிச் சென்று நாடுகளை இணைப்பதே அதன் தொழில். அத்தகைய கம்பனியின் கப்பல் போர்க்கப்பலுக்குக் கரி சுமக்க நேர்ந்தது எவ்வாறு? இவ்வினாவிற்கு விடை காண விழைவோர் அக்கம்பனியை வளர்த்தவராகிய அல்பேர்ட் பலீன் என்பாரின் வாழ்க்கையை அறிதல் வேண்டும். சமாதானம் ஒரு வணிகரை எவ்வளவு உயரத்துக்கு ஏற்றும், போர் அவரை எவ்வளவு ஆழத்துக்குத் தள்ளும் என்பதற்கு அவர் வாழ்க்கை தக்கதோர் சான்றாகும்.

பலீன் 1857 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 15 ஆந் திகதி ஹம்பேர்க் நகரிலே ஒரு யூதக் குடும்பத்திற் பிறந்தார். தந்தையார் டென்மார்க் தேசத்திலிருந்து வந்து குடியேறியவர். பிள்ளைகள் பலருள் இவரே கடைக்குட்டி. செல்வச் சிறப்போ உயர்கல்வியோ இவருக்கு வாய்க்கவில்லை. துறைமுகத்தை அடுத்த தெருக்களே இவருக்குப் பள்ளியாயின. தந்தையார் வேறு சிலருடன் கூடி, அமெரிக்காவுக்குக் குடிபெயர்வோருக்குப் பிரயாணச் சீட்டு விற்கும் முகவர் நிலையமொன்றை நடத்திவந்தார். 1874 ஆம் ஆண்டில் அவர் இறந்தபோது பலீனுக்கு வயது 17. மீசை அரும்பும் பருவத்திலேயே அந்நிலையத்தின் பொறுப்பு அவர் தோள்மேல் ஏறியது.

அக்காலத்தில் வறுமையாலும் கொடுங்கோன்மையாலும் வாடிய கிழக்கு ஐரோப்பிய மக்கள் திரள் திரளாக அமெரிக்காவை நோக்கிச் சென்றனர். ஹம்பேர்க்கிலிருந்து இங்கிலாந்தின் கிழக்குக் கரைக்குக் கப்பலேறி, ஹல் துறையில் இறங்கி, புகையிரதத்தில் லிவர்பூல் சென்று, அங்கிருந்து மறுபடியும் கப்பலேறுதல் பலர் கைக்கொண்ட வழி. நேர் வழியிலும் இது செலவு குறைந்தது. பலீனின் நிலையம் இத்தகைய பிரயாணிகளையே பெரும்பாலும் அனுப்பிவந்தது. அதனால் ஆங்கிலக் கம்பனிகளின் நடைமுறைகளையும் ஆங்கில மொழியையும் அவர் இளமையிலேயே நன்கு கற்றுக்கொண்டார்.

1881 ஆம் ஆண்டில் அவர் ஒரு புதுமுயற்சியில் இறங்கினார். எட்வேர்ட் கார் என்னும் கப்பற் சொந்தக்காரர் சரக்குக் கப்பல்கள் சிலவற்றை அமெரிக்காவுக்கு ஓட்ட முற்பட்டார். அமெரிக்காவிலிருந்து மீளும்போது தானியம் முதலிய பண்டங்கள் நிறைந்திருக்கும். போகும்போது இடம் வெறிதாய்க் கிடக்கும். அவ்வெற்றிடத்தில் தற்காலிகப் படுக்கைகள் அமைத்துக் குடிபெயர்வோரை ஏற்றலாம் என்பது பலீனின் யோசனை. பெரிய பிரயாணிக் கப்பல்களில் மேற்றளம் முதல் வகுப்பாருக்கே உரியது. பலீன் அனுப்பிய கப்பல்களிலோ முதல் வகுப்பே இல்லை. ஆதலின் ஏழைப் பிரயாணிகள் மேற்றளத்திலே தடையின்றி நடமாடிக் காற்று வாங்கினர். கட்டணமுங் குறைவு. மக்கள் அக்கப்பல்களை நாடினர். பழைய பெருங் கம்பனியாகிய ஹபாக் தன் கட்டணத்தைக் குறைத்துப் போட்டியிட்டு நட்டமடைந்தது. முடிவில் 1886 ஆம் ஆண்டில் இருதிறத்தாரும் உடன்படிக்கை செய்துகொண்டனர். அவ்வுடன்படிக்கையின் பயனாகப் பலீன், தாம் எதிர்த்து நின்ற அதே கம்பனியின் பிரயாணப் பகுதிக்குத் தலைவரானார். இரண்டாண்டுகளில் நிருவாகிகளுள் ஒருவராகவும், 1899 ஆம் ஆண்டில் தலைமை நிருவாகியாகவும் உயர்ந்தார்.

பொறுப்பேற்ற சில ஆண்டுகளுக்குள் அவர் செய்தவை பல. இரட்டைச் சுழலி பூட்டிய விரைவுக் கப்பல்களை வாங்குமாறு கம்பனியாரைத் தூண்டினார். அவற்றுள் ஒன்றாகிய அவுகுஸ்தா விக்தோரியா 1889 ஆம் ஆண்டில் ஓடத் தொடங்கியது. ஆயினும் குளிர்காலத்தில் அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடப்போர் மிகக் குறைவு. விலையுயர்ந்த கப்பல்கள் அம்மாதங்களில் துறையிலே சும்மா கிடந்தன. கிடக்கும் கப்பலை வெயில் காயும் மத்தியதரைக் கடலுக்கு உல்லாசப் பிரயாணமாக அனுப்பினால் என்ன என்று பலீன் எண்ணினார். எள்ளி நகைத்தோரும் இருந்தனர். 1891 ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் அவுகுஸ்தா விக்தோரியா புறப்பட்டது; பலீனும் மனைவியாருடன் அதிற் சென்றார். பிரயாணம் பெருவெற்றியாயிற்று. இன்று கொழும்புத் துறைமுகத்துக்கு வரும் உல்லாசக் கப்பல்களின் தொழில், குளிர்காலத்தில் ஒரு கப்பல் வீணே கிடப்பதைக் காணப் பொறாத அந்த வணிகரின் சிந்தனைக்குப் பெரிதுங் கடப்பாடுடையது.

1892 ஆம் ஆண்டில் ஹம்பேர்க் நகரை வாந்திபேதி தாக்கியது. 8,600 பேருக்கு மேல் மாண்டனர். வடிகட்டப்படாத ஆற்று நீரைக் குடித்தமையே நோய் பரவியதற்குக் காரணம். எனினும் ரசியாவிலிருந்து வந்த குடிபெயர்வோரே நோயைக் கொணர்ந்தனர் என்று பழி சுமத்தப்பட்டது, எல்லைகள் அடைக்கப்பட்டன. கம்பனிக்கு இது பேரிடி. பலீன் மனந் தளராமல், எல்லையிலேயே பிரயாணிகளை வைத்தியர் பரிசோதிப்பதற்கு நிலையங்கள் அமைக்கும் ஏற்பாட்டில் முன்நின்றார். பின்னர் 1901 ஆம் ஆண்டில் ஹம்பேர்க்கின் வெடல் என்னுமிடத்திற் குடிபெயர்வோருக்கென மண்டபங்கள் திறக்கப்பட்டன. துப்புரவான படுக்கையறைகளும், குளிக்குமிடமும், உணவுச்சாலையும், கிறித்தவருக்கும் யூதருக்கும் வெவ்வேறு வழிபாட்டிடங்களும், யூதர்தம் மத விதிப்படி சமைக்கும் அடுக்களையும் அங்கே இருந்தன. இதில் இலாப நோக்கமும் இருந்தது என்பதை மறுத்தற்கில்லை. நோயுற்றவரை அமெரிக்க அதிகாரிகள் திருப்பி அனுப்பினால் அவரை ஏற்றி வருஞ் செலவு கம்பனியையே சாரும். எனினும், ஏழையைப் பேணுதலும் வணிகத்துக்கு நன்மையே என்று கண்டுகொண்டவர் அக்காலத்திற் பலரல்லர்.

பலீனின் தனித்திறமை வேறொன்றிலே விளங்கிற்று. அது பகைவரை ஒரு மேசையைச் சுற்றி இருக்கச் செய்யுந் திறமை. கப்பற் கம்பனிகள் ஒன்றை ஒன்று வீழ்த்துவான் கட்டணத்தைக் குறைத்துக் குறைத்து எல்லாம் நட்டமடைந்து வந்தன. 1892 ஆம் ஆண்டில் ஜேர்மானிய, ஒல்லாந்த, பெல்ஜியக் கம்பனிகள் சில கூடி ஒரு சங்கம் அமைத்தன. ஒவ்வொரு கம்பனியும் அதுவரை ஏற்றிய பிரயாணிகளின் தொகைக்கேற்பப் பங்கு வகுக்கப்பட்டது. தன் பங்குக்கு மேல் ஏற்றிய கம்பனி, மிகுதிப் பிரயாணிகளுக்காகத் தலைக்கு இவ்வளவு என்று குறைந்த கம்பனிக்கு ஈடு செலுத்த வேண்டும். எனவே கட்டணத்தைக் குறைத்துப் பிறர் பிரயாணிகளைக் கவர்வதால் ஒருவருக்கும் ஆதாயமில்லாது போயிற்று. இவ்வேற்பாட்டின் சிற்பியருள் முதன்மையானவர் பலீன். அமெரிக்கச் செல்வர் மோர்கன் பல கப்பற் கம்பனிகளை வாங்கி ஒன்றாக்கிய 1902 ஆம் ஆண்டில், அவருடனும் போரின்றி உடன்படிக்கை செய்தார். குனார்ட் கம்பனியுடன் 1904 ஆம் ஆண்டில் மூண்ட கட்டணப் போரும் ஈற்றில் இணக்கத்திலேயே முடிந்தது. 1908 ஆம் ஆண்டிலே அத்திலாந்திக் கம்பனிகளுட் பெரும்பாலானவற்றை அடக்கிய பொதுச் சங்கம் உருவாயிற்று.

கம்பனியின் வளர்ச்சியும் அதற்கேற்ப இருந்தது. 1900 ஆம் ஆண்டில் ஓடத் தொடங்கிய டொயிச்லாந்து என்னுங் கப்பல் அத்திலாந்திக்கை மிக விரைவாகக் கடந்து புகழ்பெற்றது. ஆயின் அதன் இயந்திரங்களின் அதிர்வு பிரயாணிகளை வருத்தியது, கரிச்செலவும் மிகுந்தது. பலீன் அதன்பின் வேகத்தை நாடாது வசதியையே நாடினார். ஒவ்வொரு பிரயாணத்திலும் குறிப்புப் புத்தகமுங் கையுமாகக் கப்பலைச் சுற்றிவந்து, படுக்கை விரிப்பு முதல் உணவு வட்டில் வரை உள்ள குறைகளைக் குறித்துக்கொள்வது அவர் வழக்கம். 1912 ஆம் ஆண்டில் இம்பெராத்தர் என்னும் பெருங்கப்பல் நீரில் இறக்கப்பட்டது. அதன் கொள்ளளவு ஏறக்குறைய 52,000 தொன். தந்தையர் நாடு என்னும் பொருள்படும் பாதர்லாந்து என்னுங் கப்பல் 1914 ஆம் ஆண்டு மே மாதத்தில் முதற் பிரயாணஞ் செய்தது. மூன்றாவதான பிஸ்மார்க் அவ்வாண்டு யூன் மாதம் 20 ஆந் திகதி நீரில் இறக்கப்பட்டது. அன்று கம்பனியிடம் ஏறக்குறைய 175 கடற்கப்பல்கள் இருந்தன. அதற்கு எட்டாம் நாள் சரயேவோ நகரிலே ஒஸ்திரிய இளவரசர் சுடப்பட்டார்.

இனி, இக்கதையின் மறுபக்கத்தைக் கூறல் வேண்டும். ஜேர்மானியச் சக்கரவர்த்தி இரண்டாம் வில்லியம் கப்பல்கள்மீது தீராத வேட்கையுடையவர். அவ்வேட்கை அவரைப் பலீனிடம் நெருங்கச் செய்தது. யூதர் ஒருவர் சக்கரவர்த்தியின் நண்பராதல் அக்கால ஜேர்மனியில் அரிது. மதம் மாறினாற் பதவி எளிதாகும் என்று பலர் மாறிய அந்நாளில் பலீன் தம் முன்னோர் மதத்தை விடவில்லை. சக்கரவர்த்தி அவர் இல்லத்துக்குப் பலமுறை விருந்தினராக வந்தார். வணிகக் கப்பல்களைக் காக்க வலிய கடற்படை வேண்டும் என்று சக்கரவர்த்தியும் தளபதி திர்ப்பிற்ஸும் நாட்டை எழுப்பியபோது, பலீனும் அவ்வியக்கத்துக்குத் துணைநின்றார். 1898, 1900 ஆம் ஆண்டுகளின் கடற்படைச் சட்டங்கள் நிறைவேறியதில் அவரைப் போன்ற வணிகரின் ஆதரவும் உதவியது. படை பெருகப் பெருக வணிகத்துக்குக் காப்பு மிகும் என்று அவர் நம்பினார்.

அந்நம்பிக்கை தவறென்பது நாளடைவில் அவருக்குப் புலனாயிற்று. ஜேர்மனி ஒரு கப்பல் கட்டினால் இங்கிலாந்து அதனினும் மிகுதியாகக் கட்டியது. கம்பனிகளின் கட்டணப் போரை அவர் கண்டவர். அரசுகளின் கப்பற் போட்டியும் அதுபோலவே இருதிறத்தாரையும் அழிக்கும் என்று உணர்ந்தார். 1908 ஆம் ஆண்டு முதல் இலண்டன் செல்வரான ஏர்னெஸ்ட் காசெல் என்பாருடன் சேர்ந்து இணக்கத்துக்கு வழி தேடினார். அம்முயற்சியின் பயனாக 1912 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் ஆங்கில அமைச்சர் ஹோல்டேன் பேர்லின் நகருக்கு வந்தார். ஆனால் திர்ப்பிற்ஸ் புதிய கப்பல்களைக் கைவிட இசையவில்லை. போர் நேர்ந்தால் நடுநிலை வகிப்பதாக ஆங்கிலேயர் உறுதி கூற வேண்டுமென ஜேர்மானியர் கேட்டனர். ஆங்கிலேயர் அதற்கு இணங்கவில்லை. பேச்சு முறிந்தது. கம்பனிகளைப் பங்கு பிரித்துக்கொள்ளச் செய்தவரால் அரசுகளை அவ்வாறு செய்விக்க இயலவில்லை. கம்பனிகளின் மேசைக்கு அவர் நடுவராகச் சென்றார். அரசுகளின் மேசைக்கோ, ஒரு பக்கத்தின் வாளைத் தீட்டுவதற்கு முன்னரே கைகொடுத்தவராகச் சென்றார்.

1914 ஆம் ஆண்டு யூலை மாதத்தில், போர்மேகங் கவிந்த வேளையில், ஜேர்மானிய அரசினர் ஆங்கிலேயரின் மனநிலையை அறியும்படி அவரை மீண்டும் இலண்டனுக்கு அனுப்பினர். அவர் கிறே, ஹோல்டேன், சேர்ச்சில் ஆகிய அமைச்சர்களைச் சந்தித்தார். அவர்கள் நட்புடன் பேசினர். இங்கிலாந்து போரிற் புகாது இருக்கக்கூடும் என்ற நம்பிக்கையுடன் பலீன் ஊர் திரும்பினார். ஓகஸ்ட் மாதம் 4 ஆந் திகதி இங்கிலாந்து போர் தொடுத்தது.

போர் தொடங்கிய மறுநாளே கம்பனியின் சிறு கப்பல் ஒன்று அழிந்தது. ஹம்பேர்க் மக்களைக் கோடைவிடுமுறைக்குத் தீவுகளுக்கு ஏற்றிச் சென்ற கெனிகின் லூயிசே என்னும் அக்கப்பலைக் கடற்படையினர் எடுத்து, இங்கிலாந்தின் கரையோரத்தில் கண்ணிவெடிகளை இடுவதற்கு அனுப்பினர். ஆங்கிலேயர் அதனை மூழ்கடித்தனர். அக்கப்பல் இட்டிருந்த கண்ணிவெடியில் அடுத்த நாள் ஆங்கிலப் போர்க்கப்பலொன்றும் மூழ்கியது. நம் கடலுக்கு வந்த மார்க்கோமானியாவும் நெடுநாள் தப்பவில்லை. ஒக்தோபர் மாதம் 12 ஆந் திகதி சுமாத்திராவுக்கு அப்பால் யார்மத் என்னும் ஆங்கிலக் கப்பல் அதனைப் பிடித்து மூழ்கடித்தது. எம்டன் நவெம்பர் மாதம் 9 ஆந் திகதி கொக்கோஸ் தீவில் அழிந்தது. எஞ்சிய கப்பல்களுட் பல ஹம்பேர்க் துறையிலே துருப்பிடித்தன; பல நடுநிலை நாடுகளின் துறைகளில் அடைபட்டன. உலகின் மிகப் பெரிய கப்பலாகிய பாதர்லாந்து நியூயோர்க்குக்கு எதிர்க்கரையில் அசைவற்றுக் கிடந்தது.

போரின் தொடக்கத்திற் பலீனும் சிறிதுகாலம் நாட்டு வெறியின் வயப்பட்டுப் பேசினார். ஆயினும் விரைவிலே தெளிந்தார். பட்டினியால் வாடிய மக்களுக்கு வெளிநாடுகளிலிருந்து உணவு வாங்கும் நிறுவனத்தை அமைப்பதில் உழைத்தார். நீர்மூழ்கிகள் எச்சரிக்கையின்றி எல்லாக் கப்பல்களையுந் தாக்குமாயின் அமெரிக்கா போரிற் புகும் என்று அஞ்சினார். அவர் அஞ்சியவாறே ஆயிற்று. 1917 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் அத்தகைய தாக்குதல் தொடங்கியது. ஏப்பிரல் மாதம் 6 ஆந் திகதி அமெரிக்கா போர் தொடுத்துத் தன் துறைகளிற் கிடந்த ஜேர்மானியக் கப்பல்களைக் கைப்பற்றியது. பாதர்லாந்து, லெவியதான் என்னும் புதுப் பெயரோடு 1,00,000 இற்கு மேற்பட்ட அமெரிக்கப் போர்வீரரை ஐரோப்பாவுக்கு ஏற்றிச் சென்றது. தந்தையர் நாட்டின் பெயர் தாங்கிய கப்பலே அந்நாட்டை வெல்லும் படையைச் சுமந்தது.

1918 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் பலீன் சக்கரவர்த்தியைக் கடைசி முறையாகச் சந்தித்தார். தோல்வி நெருங்கிவிட்டது, உடனே சமாதானம் பேச வேண்டும் என்று எடுத்துரைப்பதே அவர் நோக்கம். ஆயின் அரசவையினர் ஒருவர் உடனிருந்து பேச்சைத் திசைதிருப்பினார். சக்கரவர்த்தியின் மனம் நோகாதவாறு பேசியே பழகியவர் பலீன். சொல்லவேண்டியவற்றை முழுதுஞ் சொல்லாமலே அவர் திரும்பினார். இருபதாண்டு நட்பும் அந்த ஒருநாள் பயன்படவில்லை.

நவெம்பர் மாதத்தின் முதல் வாரத்திற் புரட்சி மூண்டது. ஹம்பேர்க் நகரம் போர்வீரர், தொழிலாளர் சபையினர் கைப்பட்டது. தாம் கட்டியெழுப்பிய கம்பனி மாளிகையிலும் அவர்கள் நுழைந்ததைப் பலீன் கண்டார். அவர் நெடுநாளாகத் தூக்கமின்மையால் வருந்தியவர். தூக்க மருந்துகளைப் பெரிதும் நம்பியிருந்தவர். அன்று அளவுக்கு மிஞ்சி உட்கொண்டார். அது தற்செயலோ, துணிந்து செய்ததோ என்பது இன்றுவரை முடிவாகவில்லை. 1918 ஆம் ஆண்டு நவெம்பர் மாதம் 9 ஆந் திகதி அவர் உயிர்நீத்தார். சக்கரவர்த்தி முடிதுறந்தார் என்ற அறிவித்தல் வெளியானதும் அதே நாளில்; எம்டன் அழிந்து நான்காண்டு நிறைந்ததும் அதே நாளில்.

அடுத்த ஆண்டின் வேர்சாய் உடன்படிக்கைப்படி 1,600 தொன்னுக்கு மேற்பட்ட ஜேர்மானிய வணிகக் கப்பல்கள் யாவும் வென்றோர் வசமாயின. இம்பெராத்தர் குனார்ட் கம்பனியின் பெரெங்காரியா ஆயிற்று. பிஸ்மார்க் வைற் ஸ்ரார் கம்பனியின் மஜெஸ்ரிக் ஆயிற்று. கப்பற் கம்பனிக்குப் பெருங் கப்பலொன்றும் எஞ்சவில்லை. எனினும் பலீன் கற்பித்த பாடம் எஞ்சியது. 1920 ஆம் ஆண்டில் கம்பனியார், நேற்றுவரை பகைவராயிருந்த அமெரிக்கரான ஹரிமன் என்பாரின் நிறுவனத்துடன் உடன்படிக்கை செய்து மீண்டுங் கடலேறினர். 1923 ஆம் ஆண்டில் ஓடத் தொடங்கிய ஒரு புதுக்கப்பலுக்கு அல்பேர்ட் பலீன் என்று பெயரிட்டனர். 1935 ஆம் ஆண்டில் நாற்சி ஆட்சியாளர், யூதர் பெயர் ஜேர்மானியக் கப்பலில் இருத்தலாகாது என்று அதனை மாற்றினர். இரண்டாம் உலகப் போரிலும் கம்பனி தன் கப்பல்களை இழந்தது. மறுபடியும் எழுந்து, 1970 ஆம் ஆண்டில் தன் பழைய போட்டியாளராகிய வட ஜேர்மன் லொயிட் கம்பனியுடன் ஒன்றாகி, ஹபாக் லொயிட் என்னும் பெயரோடு இன்றும் கொள்கலன் கப்பல்களை உலகெங்கும் ஓட்டிவருகின்றது. அதன் தலைமை அலுவலகம் நிற்குந் தெரு பலீன் பெயரைத் தாங்கியுள்ளது. குடிபெயர்வோர் தங்கிய மண்டபங்கள் இருந்த இடத்தில் 2007 ஆம் ஆண்டு முதல் ஒரு நூதனசாலை இருக்கின்றது. ஆட்சியாளர் அழித்த பெயரை நகரம் மீட்டுக்கொண்டது.

பலீன் குறையற்ற மனிதரல்லர். அவர் அறிவிற் பெரியவர், உழைப்பிற் பெரியவர், ஏழைப் பிரயாணியின் படுக்கையையுந் தம் கண்ணாற் பார்த்தவர். ஆயினும் அரசனின் நட்பில் மகிழ்ந்து, பின்னர் அழிவு தருமொன்றுக்கு முன்னர் ஆதரவு அளித்தார். பிழையை உணர்ந்தபின் அதனைத் திருத்த அவர் பட்ட பாடு பெரிது. உணர்ந்ததை உரியவரிடம் உரக்கச் சொல்லும் வன்மையோ அவரிடம் சிறிது.

கல்லூரியை விட்டுச் சென்று வணிகத்திலும் அரசாங்க சேவையிலும் அமர்ந்திருக்கும் பழைய மாணவருக்கும், நாளை அவ்விடங்களுக்குச் செல்லவிருக்கும் இளைஞருக்கும் இவ்வாழ்க்கை ஒன்றை உணர்த்தும். கப்பல் கட்டப் பல்லாண்டு வேண்டும். அதனைக் கரிசுமக்க அனுப்ப ஓர் ஆணை போதும். அவ்வாணை எழுதப்படுமுன் பேசுவோர் நாட்டுக்கு வேண்டும். பெரியோரின் நட்பைப் பெறுதல் சிறப்பே. அந்நட்பை இழக்க நேரினும் உண்மையை உரைத்தல் அதனினுஞ் சிறப்பு.